நாலு சிப்பாய்க்கு ஒரு ஜாடி

1717-ஆம் வருஷம் ஜெர்மனியில் ஒரு பண்டமாற்று நடந்தது. சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ், தன் படையிலிருந்து 600 சிப்பாய்களைப் பிரஷ்ய மன்னர் முதலாம் ஃபிரெடரிக் வில்லியத்துக்குக் கொடுத்தார். பதிலுக்குப் பிரஷ்ய அரண்மனைகளிலிருந்து 151 சீனப் பீங்கான் சாமான்களை வாங்கிக்கொண்டார். குதிரை, துப்பாக்கி, உடுப்பு எதுவும் ஒப்பந்தத்தில் கிடையாது. ஆள் மட்டும்தான். கணக்குப் போட்டால் ஒரு சாமானுக்கு ஏறக்குறைய நாலு பேர் வருகிறது. போர்க்களத்தில் குண்டடிபட்டுப் போய்ச்சேர்ந்த சிப்பாய், மேலுலகத்தில் மீசையை முறுக்கிக்கொண்டு பேசலாம். "என்னையும் இன்னும் மூணு பேரையும் ஒரு தட்டுக்கு எடைக்குப் போட்டார்கள்" என்று யாரிடம் போய்ச் சொல்வது?

படித்தவுடன் அகஸ்டஸைத் திட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், வாங்கிய ஆசாமியையும் பார்த்துவிடுவோம். ஃபிரெடரிக் வில்லியம் காசு விஷயத்தில் கெட்டி. சட்டைப் பித்தானுக்குக்கூடக் கணக்குக் கேட்கிற ரகம். ஆனால் அவருக்கும் ஒரு சேகரிப்பு இருந்தது. அவர் சேர்த்தது உயரமான ஆட்கள். ஆறடியைத் தாண்டிய எவனைப் பார்த்தாலும் மனுஷருக்குக் கை பரபரக்கும். ஐரோப்பா முழுக்க ஆள் விட்டு, ஆசை காட்டியும் கடத்தியும் நெட்டையர்களைப் பிடித்து வந்து ஒரு ரெஜிமெண்டே கட்டினார். 1716-ல் அம்பர் அறை என்ற அபூர்வப் பொக்கிஷத்தை ரஷ்யாவின் ஜார் பீட்டருக்குத் தூக்கிக் கொடுத்தார். பதிலுக்கு ரஷ்யாவிலிருந்து வந்து சேர்ந்ததும் நெட்டைச் சிப்பாய்கள்தான். ஆக, 1717-ல் நடந்தது இரண்டு சேகரிப்பாளர்கள் சந்தித்துக்கொண்டது. இருவரும் எதிராளி ஏமாந்தான் என்று நினைத்தபடி சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள்.

அந்த ஜாடிகளும் தட்டுகளும் பிரஷ்யருக்கு எப்படி வந்தன? அவருடைய அப்பா ஆசை ஆசையாய்ச் சேர்த்தவை. சார்லட்டன்பர்க் அரண்மனையில் ஓர் அறையின் சுவர் முழுக்கப் பீங்கானை அடுக்கி, எதிரே கண்ணாடி பதித்து, ஒன்றை ஒன்பதாகக் காட்டி மகிழ்ந்தவர் அவர். மகன் பட்டத்துக்கு வந்து நாலே வருஷத்தில் சாமான் கைமாறிவிட்டது. சேகரிப்பாளர்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இது. நீங்கள் "என் காலத்துக்குப் பிறகு பையன் காப்பாற்றுவான்" என்று எதைச் சொல்கிறீர்களோ, அதைப் பையன் "இந்த அடைசலை எப்போது தள்ளிவிடலாம்" என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இனி நம் கதாநாயகர். சரித்திரம் அவரை 'பலசாலி அகஸ்டஸ்' என்கிறது. இரும்பு லாடத்தை வெறுங்கையால் உடைத்தாராம். உடைத்த லாடத்தை அவர் தலைநகரான டிரெஸ்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். அவருக்கு 354 பிள்ளைகள் என்று ஒரு வதந்தி. கிளப்பிவிட்டது யார் என்று பார்த்தால், மேற்படி பிரஷ்ய மன்னரின் மகள் வில்ஹெல்மினா. பக்கத்து வீட்டுக்காரி சொன்ன கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். அவர் தன் பிள்ளைகள் என்று ஒப்புக்கொண்டவர்கள் பத்துக்குள்தான். ஆனால் அவர் பீங்கான் சேர்த்த கணக்கில் மிகை இல்லை. அரண்மனைப் பட்டியலே இருக்கிறது. 1726-ல் எழுதிய ஒரு கடிதத்தில் தனக்கு வந்திருப்பது ஒரு வியாதி என்றே ஒப்புக்கொண்டார். ஆரஞ்சு மரமும் பீங்கானும் ஒரே ஜாதி. பிடித்துக்கொண்டால் எவ்வளவு இருந்தாலும் போதாது, இன்னும் இன்னும் என்றுதான் கேட்கும் என்பது அவர் வாக்கு. வியாதி தெரிந்தது. வைத்தியம் பார்க்கத்தான் நேரமில்லை, ஏலம் இருந்தது.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் பீங்கான் என்றால் லேசுப்பட்ட விஷயமில்லை. கப்பல் கப்பலாய்ச் சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தது. வெள்ளை வெளேரென்று, விளக்கைப் பின்னால் பிடித்தால் ஒளி ஊடுருவுகிற மாதிரி, விரலால் சுண்டினால் கணீர் என்று மணியோசை தருகிற மாதிரி ஒரு பாத்திரம். எப்படிச் செய்கிறார்கள் என்று ஐரோப்பாவில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாத விஷயத்தில் கருத்துச் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? முட்டை ஓட்டையும் சங்கையும் அரைத்து நூறு வருஷம் மண்ணில் புதைத்து எடுக்கிறார்கள் என்றார்கள். விஷம் கலந்த சாப்பாட்டை அதில் போட்டால் தானாக விரிசல் விடும் என்றார்கள். ராஜாக்களுக்கு இந்த இரண்டாவது செய்தி ரொம்பப் பிடித்திருந்தது. உறவுக்காரர்கள் நிறைந்த வீட்டில் அப்படியொரு தட்டு அவசியம்தானே!

சமாச்சாரம் என்னவோ வெள்ளைக் களிமண். கயோலின் என்று பெயர். அதோடு உருகும் தன்மையுள்ள ஒரு கல்லைப் பொடித்துக் கலந்து, 1,300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூளையில் வேகவைத்தால், பொடி உருகிக் கண்ணாடியாகிக் களிமண்ணைக் கவ்விக்கொள்ளும். பாதி மண், பாதி கண்ணாடி. சீனர்கள் பல நூற்றாண்டுகளாகச் சத்தமில்லாமல் செய்துவந்தது இதைத்தான். ஐரோப்பியர்கள் கண்ணாடிப் பொடியையும் மண்ணையும் கலந்து ஏதேதோ செய்து பார்த்தார்கள். பார்வைக்குப் பரவாயில்லை, ஆனால் கெட்டித்தன்மை வரவில்லை.

கண்ணாடி என்றதும் யோஹான் குங்கெல் ஞாபகம் வருகிறார். இவர் ரசவாதி. அகஸ்டஸின் தாத்தா காலத்தில் டிரெஸ்டனில் தங்கம் செய்வதற்காகவே வேலைக்கு வைத்திருந்தார்கள். சம்பளம் மட்டும் வரவில்லை. கேட்டதற்கு அதிகாரிகள் சொன்ன பதில் அற்புதமானது: குங்கெலுக்குத் தங்கம் செய்யத் தெரியும் என்றால் அவருக்குப் பணம் எதற்கு? தெரியாது என்றால் பணம் கொடுப்பானேன்? உலகத்தில் எந்தக் கணக்குப் பிரிவும் இதைவிடக் கச்சிதமாக ஒரு பில்லைத் திருப்பி அனுப்பியதில்லை.

குங்கெல் மூட்டை கட்டிக்கொண்டு பெர்லின் பக்கம் போனார். அங்கே ஆட்சியாளர் அவருக்கு 1685-ல் மயில் தீவு என்ற ஒரு தீவையே எழுதிக் கொடுத்தார். குங்கெல் அங்கே தங்கத்தை அமிலத்தில் கரைத்து, துளியூண்டு கண்ணாடியில் கலந்து, மாணிக்கச் சிவப்பில் கோப்பை செய்தார். இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் சொத்தை விற்று வாங்கும் சரக்கு அது. கண்ணாடியைச் சூளையிலிருந்து எடுத்தவுடன் நிறமே தெரியாது. மறுபடி சூடுகாட்டினால்தான் சிவப்பு எழும்பி வரும். மண்ணைத் தங்கமாக்கச் சொன்னார்கள். அவர் தங்கத்தைக் கண்ணாடியாக்கினார். ஆட்சியாளர் 1688-ல் காலமானதும், பட்டத்துக்கு வந்த மகன் செய்த முதல் காரியங்களில் ஒன்று குங்கெலிடம் கணக்குக் கேட்டது. அடுத்த வருஷம் தீவுக் கூடம் தீப்பிடித்து எரிந்தது. அந்த மகன் யார் தெரியுமா? சார்லட்டன்பர்க்கில் பீங்கான் அறை கட்டினாரே, அதே அப்பாதான்.

அவருடைய பெர்லினில் 1701-ல் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் மருந்துக்கடையில் எடுபிடியாக இருந்தான். பெயர் யோஹான் ஃபிரெடரிக் போட்கர். சாட்சிகளை நிற்கவைத்துக் காசைத் தங்கமாக்கிக் காட்டினான். கைவேலை என்னவோ தெரியாது, விளம்பரம் பிரமாதம். செய்தி அரண்மனைக்குப் போனது. மன்னர் கூப்பிட்டனுப்பியதும்தான் பையனுக்கு உறைத்தது: ராஜா முன்னால் வித்தை காட்டித் தோற்றால் தலை தங்காது. ராத்திரியோடு ராத்திரியாக எல்லை தாண்டி சாக்சனிக்குள் ஓடினான். பிரஷ்ய மன்னர் அவன் தலைக்கு 1,000 தாலர் வெள்ளிக்காசு விலை வைத்தார். அகஸ்டஸ் யோசித்தார்: பக்கத்து ராஜா 1,000 தாலர் கொடுக்கிறான் என்றால் பையனிடம் ஏதோ இருக்கிறது. பிடித்து டிரெஸ்டனுக்குக் கொண்டுவந்து பூட்டினார். புலிக்குப் பயந்து ஓடியவன் சிங்கத்தின் சமையலறைக்குள் போய் நின்றான்.

பூட்டினாரே தவிர, உபசாரத்தில் குறையில்லை. நல்ல சாப்பாடு, தாராளமாக ஒயின், சோதனைக்கூடம், வாசலில் காவல். தங்கம் மட்டும் வரவில்லை. 1703-ல் பையன் ஆஸ்திரியா வரை தப்பி ஓடினான். பிடித்து இழுத்து வந்தார்கள். அகஸ்டஸுக்கோ பணமுடை. போலந்தின் கிரீடத்தை 1697-ல் காசை அள்ளி இறைத்து வாங்கியிருந்தார். அதற்காக மதம்கூட மாறினார். அந்தக் கிரீடத்தையும் 1706-ல் ஸ்வீடன்காரன் பிடுங்கிக்கொண்டான். இந்த நிலைமையிலும் மனுஷர் பீங்கான் வாங்குவதை நிறுத்தவில்லை.

காப்பாற்றியவர் சிர்ன்ஹவுஸ் என்ற விஞ்ஞானி. ராட்சசக் குவிகண்ணாடிகளைச் செய்து, வெயிலைக் குவித்துக் கல்லையும் மண்ணையும் உருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர். பையனின் மூளையை வீணாக்காமல் பீங்கான் பக்கம் திருப்பிவிட்டார். முதலில் சிவப்பு நிறத்தில் ஒன்று வந்தது. அது எவ்வளவு கெட்டி என்றால், கண்ணாடி பட்டை தீட்டுகிறவர்களைக் கொண்டுதான் அதைச் செதுக்கி மெருகேற்ற முடிந்தது. 1708 ஜனவரி 15 தேதியிட்ட சோதனைக் குறிப்பில் ஏழு கலவைகள் இருக்கின்றன. அவற்றில் சில வெள்ளையாக, ஒளி ஊடுருவுவதாக வெந்திருந்தன. அதே வருஷம் அக்டோபரில் சிர்ன்ஹவுஸ் இறந்துபோனார். 1709 மார்ச் 28-ல் போட்கர் ராஜாவுக்கு எழுதினான்: நல்ல வெள்ளைப் பீங்கான் செய்வேன், மேலே கண்ணாடிப் பூச்சு மெருகோடு. கண்டுபிடித்தவர் யார் என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. செத்தவரால் கடிதம் எழுத முடியாது, உயிரோடிருந்தவன் எழுதினான். பேடண்ட் விஷயங்கள் பெரும்பாலும் இப்படித்தான் தீர்கின்றன.

ராஜா ஒருநாள் நேரில் பார்க்க வந்த கதையை அங்கே வேலை செய்த தொழிலாளி ஒருவர் சொல்லிவைத்திருக்கிறார். கோட்டை மதிலுக்குள் நிலவறை மாதிரி ஓரிடம். சூளை வெக்கையில் நிற்க முடியவில்லை. கூட வந்த பிரபு திரும்பிவிடலாம் என்று நெளிந்தார், ராஜா அசையவில்லை. போட்கர் கரி படிந்த முகத்தோடு சூளையைத் திறந்து, தகதகவென்று கனன்ற ஒரு தேநீர்க் கெண்டியை இடுக்கியால் எடுத்து, நேரே பச்சைத் தண்ணீர் வாளிக்குள் போட்டான். படார் என்று சத்தம். உடைந்தது என்றார் ராஜா. இல்லை மகராஜா என்று சட்டைக் கையை மடித்துவிட்டு, கையை விட்டு எடுத்தான். முழுசாக இருந்தது. வருஷக்கணக்கில் பூட்டி வைத்ததற்கு அன்றுதான் ராஜாவுக்கு வட்டி வந்தது.

1710-ல் மைசன் நகரத்துக் குன்றின் மேலிருக்கும் ஆல்பிரெக்ட்ஸ்பர்க் கோட்டையில் தொழிற்சாலை தொடங்கியது. கோட்டைக்குள் ஏன்? விறகு ஏற்றுவது கஷ்டம், தண்ணீர் கஷ்டம், மண் கொண்டுபோவது கஷ்டம். ஆனால் ஆள் தப்புவது அதைவிடக் கஷ்டம். மண் கலவை தெரிந்தவனுக்கு மெருகு தெரியாது, மெருகு தெரிந்தவனுக்கு மண் தெரியாது என்று ரகசியத்தைப் பங்குபோட்டு வைத்தார்கள். அப்படியும் நிற்கவில்லை. வியன்னாவில் டு பாக்கியர் என்பவர் போட்டிக் கடை திறந்து சம்பளத்தைக் கூட்டிச் சொன்னதும், 1719-ல் சூளை நிபுணர் ஸ்டோல்ட்ஸெல் கம்பி நீட்டினார். அங்கே சொன்ன சம்பளம் வரவில்லை. மறு வருஷமே திரும்பி வந்தார். வரும்போது வியன்னாவின் அச்சுகளை நாசம் செய்துவிட்டு, ஹெரோல்ட் என்ற அருமையான ஓவியரையும் கையோடு அழைத்து வந்தார். தாய்வீட்டில் உடனே மன்னிப்பு. சீனக் கனவுக் காட்சிகளைத் தட்டில் வரைந்து மைசனுக்குப் பேர் வாங்கித் தந்தவர் இந்த ஹெரோல்ட்தான். சீனாவை அவர் பார்த்ததே கிடையாது என்பது வேறு விஷயம்.

போட்கர்? 1714-ல் விடுதலை கொடுத்தார்கள். சூளைப் புகை, அமில ஆவி, ஒயின் மூன்றும் சேர்ந்து உடம்பை அரித்திருந்தன. 1719 மார்ச்சில், 37 வயதில் போய்ச்சேர்ந்தான். தங்கம் செய்யப் பிடித்துவந்தவன், நாட்டில் மிச்சமிருந்த தங்கத்தையும் செலவழிக்க வழி கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

அகஸ்டஸ் தானே பீங்கான் செய்ய ஆரம்பித்தபின் வாங்குவதைக் குறைத்தாரா? சேகரிப்பாளரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் கேட்கும் கேள்வி இது. சிப்பாய்களைக் கொடுத்த அதே 1717-ல் டிரெஸ்டனில் ஓர் அரண்மனையையும் வாங்கினார். அதைப் பெரிதாக்கி, ஜப்பானிய அரண்மனை என்று பெயரிட்டு, அறைக்கு ஒரு நிறமாக முழுக்கப் பீங்கானை அடுக்குவதாகத் திட்டம். மேல்விதானத்துக்கு ஒரு ஓவியமும் யோசித்தார்கள்: பீங்கானில் யார் உசத்தி என்று ஜப்பானும் சாக்சனியும் வழக்காட, தேவதை மினர்வா சாக்சனிக்குப் பரிசு கொடுக்கிறாள். நீதிபதியையும் இவரே நியமித்துவிட்டார்.

அடுத்து மிருகங்கள். கூடுமானவரை நிஜ அளவில் சிங்கம், ஆடு, கரடி, யானை, பறவை என்று நூற்றுக்கணக்கில் வெள்ளைப் பீங்கானில் வேண்டும் என்றார் 1730 வாக்கில். கெண்டி செய்த சூளையில் கரடியை எப்படி வேகவைப்பது? பலவும் வெடித்தன. இன்று அருங்காட்சியகத்தில் போய் நின்று பாருங்கள்: மிருகங்களின் உடம்பில் கண்ணுக்குத் தெரிகிற சூளைப் பிளவுகள். இன்னொரு முறை சூடு தாங்காது என்று எண்ணெய் வண்ணத்தைப் பூசி ஒப்பேற்றினார்கள். பிற்பாடு அதுவும் உரிந்தது. சிற்பி காண்ட்லர் ராஜாவின் மிருகக் கூண்டுகளுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்தார். அவருடைய ஆடு ஆடாகவே இருக்கிறது. அவருக்கு முந்தைய கிர்ஷ்னர் காண்டாமிருகம் செய்தார். அதைக் காண்டாமிருகத்தையே பார்த்திராத ட்யூரர் 1515-ல் வரைந்த படத்தைப் பார்த்துச் செய்தார். ஆகவே அதன் தோளில் ஒரு உபரிக் கொம்பு. படம் போட்டவருக்கும் தெரியாது, செய்தவருக்கும் தெரியாது, காசு கொடுத்த ராஜாவுக்கும் தெரியாது. மூவரும் திருப்தி.

போலி விவகாரம் இல்லாமல் சேகரிப்பா? மைசன் சாமானின் அடியில் நீல நிறத்தில் இரண்டு வாள்கள் குறுக்கே போட்டிருக்கும். சாக்சனியின் அரசச் சின்னத்திலிருந்து எடுத்தது, 1720-களில் வந்த குறி. லமேர் என்ற பாரிஸ் வியாபாரி, ராஜாவிடமிருந்த ஜப்பான் சாமான்களை அச்சு அசலாக நகல் எடுத்துத் தரச் சொன்னார். ஒரே ஒரு வேண்டுகோள்: வாள் குறி வேண்டாம், போட்டே ஆகவேண்டுமென்றால் மெருகுக்கு மேலே போடுங்கள். மேலே போட்டால் தேய்த்து அழித்துவிடலாம், ஜப்பான் சரக்கு என்று பாரிஸில் கூடுதல் விலை சொல்லலாம். மாதிரிகளை எடுத்துக் கொடுத்தது ராஜாவின் சொந்த மந்திரி ஹோயிம். 1731-ல் குட்டு உடைந்தது. லமேர் நாட்டைவிட்டு வெளியே, மந்திரி பதவியைவிட்டு வெளியே. மந்திரி வீட்டில் பிடிபட்ட சாமானை ராஜா என்ன செய்தார்? தன் ஜப்பானிய அரண்மனையில் அடுக்கிக்கொண்டார். குற்றத்தை வெறுத்தார், குற்றப்பொருளை வெறுக்கவில்லை.

1733-ல் அகஸ்டஸ் வார்சாவில் இறந்தார். அரண்மனை முடியவில்லை. உடம்பைக் கிராகோவில் புதைத்தார்கள், இதயத்தை மட்டும் பெட்டியில் வைத்து டிரெஸ்டனுக்கு அனுப்பினார்கள். அழகான பெண் யாராவது பக்கத்தில் போனால் அது இன்னும் துடிக்கும் என்று ஊரார் சொல்வதுண்டு. என் சந்தேகம், நல்ல மிங் ஜாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனாலும் துடிக்கும்.

முதல் வியாபாரத்தின் பாக்கி பின்னால் வந்தது. பிரஷ்யாவுக்குப் போன 600 பேரும் டிராகூன் என்ற குதிரைப்படையில் ரெஜிமெண்ட் எண் 6 ஆனார்கள். 'பீங்கான் டிராகூன்கள்' என்று கேலிப் பெயரும் கிடைத்தது. பீங்கானைத் தள்ளிவிட்டுப் படை கட்டிய ஃபிரெடரிக் வில்லியத்துக்கு வாய்த்த மகன் இரண்டாம் ஃபிரெடரிக். அப்பா கட்டிய படையை எடுத்துக்கொண்டு 1756-ல் சாக்சனிக்குள் நுழைந்தவர், மைசன் தொழிற்சாலையையும் சரக்கையும் கைப்பற்றினார். தாத்தாவின் பீங்கான் ஆசை பேரனிடம் வந்து உட்கார்ந்துவிட்டது! சரணடைந்த சாக்சனிப் படை சுமார் 18,000 பேரை மொத்தமாகப் பிரஷ்ய உடுப்புக்குள் தள்ளினார். இந்தத் தடவை ஒரு உப்புக் கிண்ணம்கூடப் பதிலுக்குத் தரவில்லை. மைசன் கையை விட்டுப் போகும் என்று தெரிந்ததும், 1763-ல் பெர்லினில் சொந்தமாக ஒரு பீங்கான் தொழிற்சாலையை விலைக்கு வாங்கிவிட்டார்.

சாக்சனியின் மன்னராட்சி 1918-ல் முடிந்தது. மைசன் தொழிற்சாலை இன்றும் சாக்சனி மாநில அரசின் சொத்து. அந்த 600 பேருக்கு வந்த நீல வெள்ளைப் பெரிய மூடி ஜாடிகள், 'டிராகூன் ஜாடிகள்' என்ற பெயரோடு டிரெஸ்டனின் ஸ்விங்கர் அரண்மனையில் நிற்கின்றன. டிக்கெட் வாங்கினால் பார்க்கலாம்.

பழைய பீங்கான், கண்ணாடி சேர்க்கும் அன்பர்களுக்கு இரண்டு வார்த்தை. எதை வாங்கினாலும் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். இரண்டு வாள் இருந்தால் மட்டும் மைசன் ஆகிவிடாது. உலகில் அதிகம் காப்பி அடித்த குறிகளில் அதுவும் ஒன்று. வாள்களின் மேல் குறுக்கே கீறியிருந்தால், தொழிற்சாலையே இரண்டாம் தரம் என்று கழித்துக்கட்டியது என்று அர்த்தம். சக்கரத்தால் வெட்டி மை நிரப்பிய 'என்' எழுத்தும் ஓர் எண்ணும் நிஜமாகவே இருந்தால் அது அகஸ்டஸ் வீட்டுச் சாமான். அரசே 1919-லும் 1920-லும் உபரி என்று ஏலம் விட்டது வெளியே நடமாடுகிறது. பிறகு வாரிசுகளைக் கூப்பிட்டு, இதெல்லாம் உங்களுக்கு வேண்டுமா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். மென்று விழுங்கினார்கள் என்றால் பதில் தெரிந்துவிட்டது. ஷோகேஸைத் திறந்து, அந்தத் தட்டை எடுத்துக் கழுவி, சூடாக இரண்டு இட்லி வைத்துச் சாப்பிடுங்கள். 1,300 டிகிரி சூடு பார்த்த தட்டு, உங்கள் சாம்பாருக்கு ஒன்றும் ஆகிவிடாது.